நாகர்கோவில் – கோவை: விமானத்தில் அரை மணி நேரம்தானா?

கேள்வி: கோவையில் அக்கா வீட்டு விசேஷம். அம்மாவுக்கு மூட்டுவலி, பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு ராத்திரி முழுக்க உட்கார முடியாது. ஒரு இணையதளத்தில் தூரம் 317 கி.மீ., விமான நேரம் அரை மணி என்று இருக்கிறது. எங்கே போய் ஏறுவது?

பதில் 1: மக்கா, நம்ம மாவட்டத்தில் ஏது ஏர்போர்ட்? அது காக்கா பறக்கிற தூரம். வரைபடத்தில் நேர்கோடு போட்டு விமான வேகத்தால் வகுத்துப் போட்டிருப்பான், ஓடுபாதை இருக்கா என்றெல்லாம் பார்க்கமாட்டான். திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல் வழியாக ரோட்டில் போனால் 450 கி.மீ. பக்கம் வரும்.

பதில் 2: நானும் போன வருஷம் விமானம் என்று கிளம்பினேன். பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம், அதற்கே 70 கி.மீ. போகணும், அதுவும் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து. அப்புறம் பெங்களூரில் இறங்கி அடுத்த விமானத்துக்கு நாலு மணி நேரம் காத்துக் கிடந்தேன். வாங்கிப் போன ஏத்தங்காய் சிப்ஸ் பாதி அங்கேயே தீர்ந்துபோச்சு.

பதில் 3: அண்ணே, கோட்டாறு ஸ்டேஷனில் (நாகர்கோவில் ஜங்ஷன்தான்) இருந்து ராத்திரி கோவை ரயில் இருக்கே! அம்மாவுக்குக் கீழ் பெர்த் போடுங்க, காலை நீட்டிப் படுத்தால் விடிந்ததும் கோவை. மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் பெண்களுக்கு 45 வயதிலிருந்தே கிடைக்கும், ஆனால் உங்க டிக்கெட்டைத் தனியாகப் போடணும்.

கேட்டவர்: சரி, ரயிலே போட்டாச்சு. அம்மாவுக்குக் கீழ் பெர்த், எனக்கு மேல்.