பிரேசில் போய் ஜெர்மனி பார்ப்பதா?

ஊர்சுற்றி:
அக்டோபரில் நானும் மனைவியும் பிரேசில் போகிறோம். ரியோவும் இகுவாசு அருவியும் முடிவாகிவிட்டது. மீதி ஆறு நாள் கையில் இருக்கு. மனௌஸ் போய் அமேசான் பார்க்கலாமா, இல்லை ஜெர்மன்காரர்களும் இத்தாலிக்காரர்களும் குடியேறிய தெற்குப் பக்கமா? போனவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:
தெற்கு வேண்டவே வேண்டாம் சார். உலகத்தின் மறுபக்கம் வரை போய் ஜெர்மன் பீர் குடிப்பானேன்? ஜெர்மன்காரர் குடியேறிய ப்ளூமெனாவ் ஊரின் கடைத்தெருவில் மரச்சட்டம் போட்ட மாதிரி முகப்புகள் இருக்கும். அதில் பல, 1970களில் வரிச்சலுகை கிடைக்கிறது என்று கட்டியவை. தட்டினால் சிமென்ட் சத்தம் கேட்கும். அவங்க அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவே 1984ல்தான் ஆரம்பம், என்னைவிட இளசு. 85 லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில் இதுதானா கிடைத்தது?

காவிரிக்கரை:
வெட்டிப்பேச்சு சார், பாதியைச் சொல்லி நிறுத்திட்டீங்க. 1983லும் 84லும் இட்டஜாயி ஆறு அந்த ஊரை மூழ்கடித்தது. ஊர் எழுந்து நிற்கத் தொடங்கிய திருவிழா அது. நிஜமான மரச்சட்ட வீடு வேண்டுமானால் பக்கத்து பொமெரோடே போங்க. ஆணி இல்லாமல் பொருத்திய சட்டம், இடையில் செங்கல்.

நான் கஷியாஸ் டோ சூலில் மூணு வருஷம் இருந்தவன். பஸ் பாடி கட்டுற ஊர், நம்ம கரூர் மாதிரி. 1875லிருந்து இத்தாலிக்காரர் வந்து குடியேறிய மலை. அங்கே விருந்து முடிந்தால் 'சாகு' வரும். வேறொன்றுமில்லை, ஜவ்வரிசி! பாலுக்குப் பதில் சிவப்பு ஒயின், கிராம்பு, பட்டை. மணி கண்ணாடியாகும் வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் மேலே மஞ்சள் க்ரீம். என் மனைவி முதல் நாள் "பீட்ரூட் பாயசமா?" என்றாள். ஜவ்வரிசி ஆகும் மரவள்ளி அந்தக் கண்டத்துப் பூர்வகுடிகளின் பயிர், ஒயின் வந்தவனுடையது. இத்தாலியில் போய்த் தேடுங்க, கிடைக்காது. இது பிரேசில் இல்லையென்றால் எதுதான் பிரேசில்?

நெய்தல்:
நீங்க ரெண்டு பேரும் வெறுங்காட்டில் ஆள் வந்து இறங்கியது போலவே பேசறீங்க. ப்ளூமெனாவ் இருக்கும் சாண்டா கதரினா மாநிலத்தின் அந்தக் காடு ஷோக்லெங் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களை வேட்டையாட 'புக்ரேரோ' என்று கூலிப்படையே வைத்திருந்தார்கள். 1988ல் அரசியல் சட்டம் வந்தபோது நிலம் கையில் இருந்தால்தான் பூர்வகுடிக்கு உரிமை என்ற வாதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023ல் தள்ளியதே, அது ஷோக்லெங் நில வழக்குதான். இன்னொன்று: 1888ல் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு ஒரு குழி நிலம் தரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரனைக் கூப்பிட்டுக் குடியமர்த்தினார்கள். பீரும் ஒயினும் குடிக்கும்போது இதையும் நினைச்சுக்குங்க.

காவிரிக்கரை:
நெய்தல் அக்கா சொல்வதில் எதையும் மறுக்கமாட்டேன். என்னோடு வேலை செய்தவர்கள் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை, அதுவும் உண்மை. ஆனால் வந்தவர்களும் அடி வாங்கியவர்கள்தான். அதிபர் வர்காஸ் ஆட்சியில் ஜெர்மன் பள்ளிகளை மூடினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தெருவில் இத்தாலிய மொழி பேசினால் பிடித்துப் போவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி 'தலியான்' (அங்கே குடியேறியவர்கள் பேசும் இத்தாலிய வழக்கு) பேசும்போது, 80 வயதிலும் குரல் தானாகத் தணியும். அதே மொழியை 2014ல் நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தார்கள்.

வெட்டிப்பேச்சு:
அண்ணே, ஷிமஹாவ் என்ற மாத்தே இலை பானம் பற்றி மூச்சே விடலையே? ஒரு குடுவை, ஒரு உலோகக் குழல், பத்து வாய். எச்சில் பார்க்கிற குடும்பமென்றால் ஊர்சுற்றி சார் இப்பவே யோசிக்கட்டும்.

காவிரிக்கரை:
ஹாஹா, அது உண்மை. டம்ளரைத் தூக்கிக் குடித்து வளர்ந்த எனக்கு ஒரு மாசம் ஆச்சு. குழலைத் துடைத்தால் கோபம் வரும். குடுவையைத் திருப்பிக் கொடுக்கையில் "ஒப்ரிகாடோ" (நன்றி) சொல்லிடாதீங்க, எனக்குப் போதும் என்று அர்த்தம். அடுத்த சுற்று வராது. அப்புறம், வெப்பமண்டல நாடு என்று ஸ்வெட்டரை விட்டுட்டுப் போகாதீங்க. மகர ரேகை சாவோ பாவ்லோவோடு சரி. அதற்குத் தெற்கே மலையில் சில குளிர்காலங்களில் வெண்பனியே விழும்.

ஊர்சுற்றி:
மனைவி ஜவ்வரிசிப் பத்தியைப் படித்துவிட்டாள், இனி நான் முடிவெடுக்க ஒன்றுமில்லை. கஷியாஸ் பக்கம் நாலு நாள், பொமெரோடே ரெண்டு நாள். ப்ளூமெனாவை பஸ் ஜன்னலில் பார்த்துக்கொள்கிறோம்.

வெட்டிப்பேச்சு:
தோற்றேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியையாவது பத்து நாள் முன்னாடியே போட்டுடுங்க, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவாங்க. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம்ம விமான நிலையத்திலேயே தனியே உட்கார வைப்பாங்க.