அன்னையர் ஞாயிறன்று எழுந்து நிற்க முடியாதவர்கள்

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் மே மாதம் இரண்டாம் ஞாயிறன்று ஆராதனை முடியும் நேரத்தில் ஆயர் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொல்வார். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாவைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கடந்த ஆண்டு, பதினான்கு ஆண்டுகளாகப் பிள்ளைக்காக ஜெபித்துவரும் என் மதினி, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி தலைகுனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு சிறுமி அவரிடமும் பூவை நீட்டினாள். பின்வரிசையில் இருந்த ஒருவர், "அவங்களுக்கு இல்லம்மா" என்று அவளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் அந்த ஆராதனையை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. என் தாயின் ஜெபத்தால் நிற்கிறவள் நான். ஆகவே அந்த நாளையே விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சொல்லை மறுபடியும் ஒருவர் கேட்கும்படி நடத்தவும் முடியாது. வழி சொல்லுங்கள்.

பதில் 1

அன்புச் சகோதரிக்கு, இந்த நாளை ஏற்படுத்திய அன்னா ஜார்விஸ் அம்மையாரே திருமணம் ஆகாதவர், பிள்ளை இல்லாதவர். எங்கள் சபையில் இதைச் சொன்னபோது பலர் வியந்தார்கள். அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில், கைக்குழந்தைகளை வாரிக்கொண்டுபோன நோய்களைத் தடுக்கப் பெண்களைத் திரட்டிச் சுகாதாரம் கற்பித்தவரும், உள்நாட்டுப் போரின்போது இரு தரப்பு வீரர்களுக்கும் பணிவிடை செய்தவருமான தம் தாய் 1905இல் மறைந்தபின், அவர் ஓய்வுநாள் பாடசாலை நடத்திய கிராஃப்டன் நகர மெதடிஸ்ட் ஆலயத்தில் 1908 மே 10 அன்று மகள் ஒரு ஆராதனைக்கு ஏற்பாடு செய்து, தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் ஐந்நூறை அனுப்பிவைத்தார். அந்தப் பூவைத் தாயை நினைத்து மகன்களும் மகள்களும் அணிய வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

ஆகவே இது பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமையின் நாள். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையும் பிள்ளைகளுக்கே கொடுக்கப்பட்டது. ஆலயத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தாயின் பிள்ளைதானே. நாம்தான் அதைத் திருப்பிப்போட்டு, பெண்களை எழுந்து நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று பிரித்துவிட்டோம்.

பதில் 2

மேலே எழுதிய சகோதரர் சொன்னது சரி. ஆனாலும் ஒன்றைப் பணிவாகச் சொல்ல விரும்புகிறேன்: யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற கவலையில், பெற்று வளர்த்தவர்களின் பாடு மங்கிவிடக் கூடாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியை எண்ணிப் பாருங்கள். 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்தவர். 1709இல் வீடு தீப்பற்றி எரிந்ததையும் கண்டவர். அவ்வளவு நெருக்கடியிலும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் உட்கார்ந்து அதன் ஆத்துமத்தைப் பற்றிப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும் அந்த வியாழன் மாலைக்காக ஏங்கித் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

குருவாக இருந்த கணவர் லண்டனுக்குப் போயிருந்த ஒரு குளிர்காலத்தில், பிள்ளைகளுக்காக அவர் வீட்டில் நடத்திய ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறு பேர்வரை பெருகியது. உதவிக் குரு முறையிட்டதால் கணவர் நிறுத்தச் சொன்னபோது, விருப்பமாக அல்லாமல் கட்டளையாகவே எழுதி அனுப்பும்படி அவர் கேட்டார். பிற்காலத்தில் குருப்பட்டம் பெறாதவர்களும் பிரசங்கிக்க ஜான் வெஸ்லி இடங்கொடுத்ததற்குத் தாயின் ஆலோசனையும் ஒரு காரணம். இத்தகைய தாய்மாரைப் பற்றி விவரமாகப் பேசுங்கள். வெறும் "தியாகம்" என்ற சொல் போதாது.

பதில் 3

அக்கா, ரோமர் 16:13ஐ வாசித்துப் பாருங்கள். ரூபின் தாயை வாழ்த்தச் சொல்லும் பவுல், அவரை "எனக்கும் தாய்" என்கிறார். அந்த அம்மாளின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அப்போஸ்தலனுக்கே தாயாக இருந்திருக்கிறார். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் டோனாவூரில், 1901 முதல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் மணமாகாதவர். 1951இல் மறைந்த அவர், தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை வைத்து, "அம்மா" என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. ஆயரிடம் பேசிவிட்டேன், இந்த ஆண்டு யாரையும் எழுந்து நிற்கச் சொல்லப்போவதில்லை. சூசன்னா அம்மையாரின் வியாழன் மாலையைப் பற்றி நானே பேசுகிறேன். பூக்களை வாசலிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம். ஆராதனை முடிவில் அவரவர் தம் தாயிடமோ, தம்மை விசுவாசத்தில் வளர்த்த பெண்ணிடமோ கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவர்கள் மறைந்திருந்தால் பீடத்தின் முன் வைக்கட்டும்.

என் மதினி ஒன்பது ஆண்டுகளாக ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் நடத்துகிறார்; பூவை நீட்டிய அந்தச் சிறுமியும் அவருடைய வகுப்புதான். அந்தப் பிள்ளைகளிடம் நான் முன்கூட்டியே எதுவும் சொல்லிவைக்கப்போவதில்லை. யாரிடம் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.