மறுமொழி: ஸ்கோப் 'கேன்ட்' – சாய்வு, கோட்டம், ஒருக்களிப்பு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாகர்கோவில் பக்கம் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளுக்கான கையேட்டில், ஸ்கோப் (துப்பாக்கி மேல் வைத்துக் குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தும் அத்தியாயம் ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது. குழலின் நீளவாக்கை அச்சாகக் கொண்டு துப்பாக்கி இடமோ வலமோ உருளுகிறதே, ஆங்கிலத்தில் 'கேன்ட்' என்கிறார்களே, அதற்குத்தான் சொல் வேண்டும். இதுவரை வந்தவற்றுக்கு என் பதில்.

> சாய்வு என்றால் எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும் அண்ணாச்சி. ஆனால் மூன்று விதமாகப் புரியும். மேட்டை நோக்கியோ பள்ளத்தை நோக்கியோ சுடும்போது குழல் நிற்பதும் சாய்வுதான். தொலைதூரத் துப்பாக்கிகளில் ஸ்கோப்பின் அடித்தளத்தையே முன்பக்கம் 20 கலை தாழ்த்திச் செய்கிறார்கள்; அதுவும் சாய்வு. இப்போது இதையும் சாய்வு என்றால், "சாய்வைச் சரிசெய்க" என்ற வரியைப் படிக்கிற பையன் எதைத் திருகுவான்? (கலை என்பது போன மாதம் நாம் ஒப்புக்கொண்டது. பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வரும் அதே கலை. 60 கலை ஒரு பாகை. 100 மீட்டரில் ஒரு கலைக்கு ஏறக்குறைய 2.9 செ.மீ.)

> கோட்டம் பழைய சொல், அழகான சொல்.

அழகில் குறையில்லை. ஆனால் கோட்டம் என்றால் வளைவு. 'துப்பாக்கியில் கோட்டம்' என்றால் குழல் வளைந்துவிட்டது என்றுதான் நான் படிப்பேன். அதோடு நம் மாவட்டத்தில் கோட்டம் என்றால் வனக்கோட்டமும் மின்வாரியக் கோட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

> அப்படியென்றால் 'சாய்வுப் பிழை' என்று போடுங்கள்.

இதைத்தான் நான் கடுமையாக மறுப்பேன். எல்லாக் கேன்ட்டும் பிழையல்ல. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சின்னத் துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்தான். அதில் கன்னத்துக்கும் கழுத்துக்கும் வாகாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே துப்பாக்கியைச் சற்று உருட்டிப் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு முறையும் அதே அளவு உருட்டினால், அந்தத் தூரத்தில் ஒரு கெடுதலும் இல்லை. அளவு மாறிக்கொண்டே இருந்தால்தான் வம்பு. பெயரிலேயே பிழை என்று எழுதி வைத்துவிட்டால் இதை எப்படி விளக்குவது?

என் பரிந்துரை: ஒருக்களிப்பு.

ஒருக்களித்துப் படுக்கிறவர் தலையையோ காலையோ தூக்குவதில்லை; உடம்பின் நீளவாக்கில்தான் புரள்கிறார். துப்பாக்கி செய்வதும் அச்சு அசலாக அதுவே. 'கதவை ஒருக்களித்து வை' என்கிறோமே, குழப்பம் வராதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வராது. கதவும் ஓர் அச்சில்தானே திரும்புகிறது. இன்னொரு வசதி, இது வினையாகவும் வளையும். சுடுதளத்தில் பயிற்சியாளர் "ஒருக்களிக்காம பிடி" என்று குரல் கொடுக்கலாம். 'சாய்வுப் பிழை செய்யாதே' என்று யாரும் கத்தப் போவதில்லை.

கையேட்டில் இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதும் என் கட்சி. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்துக்குள் ஸ்கோப் மட்டும் உருண்டு நிற்பது வளைய ஒருக்களிப்பு. துப்பாக்கியும் ஸ்கோப்பும் சேர்ந்து கையில் உருள்வது பிடி ஒருக்களிப்பு. இரண்டும் ஒரே அளவு கெடுதல் அல்ல. பிடி ஒருக்களிப்பில் துப்பாக்கி உருண்ட பக்கமே குண்டு போகும், கொஞ்சம் தாழ்ந்தும் விழும். குழலின் நேர்க்கோட்டிலிருந்து குண்டு 25 செ.மீ. தாழ்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 பாகை ஒருக்களித்தால் பக்கவாட்டில் 1.7 செ.மீ. விலகும். தூரம் கூடக் கூட தாழ்வும் கூடும், விலகலும் கூடும். வளைய ஒருக்களிப்பு அவ்வளவு மோசமில்லை. ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேலே இருந்து, 3 பாகை உருண்டிருந்தாலும், சுடும்போது குறுக்குக் கம்பியை (ஸ்கோப்புக்குள் கூட்டல் குறிபோலத் தெரியும் கம்பிகளை) நேராக நிறுத்தினால் குழல் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பக்கம் ஒதுங்கும். ஆக, சுடும் நேரத்தில் கம்பி நேராக நிற்கிறதா என்பதே பெரிய விஷயம். (குறுக்குக் கம்பி என்ற சொல்லை மாற்ற வேண்டாம். பள்ளிக்கூட நிறமாலைமானியில் பார்த்த கம்பி அதுவே. பேரலாக்ஸுக்கு 'இடமாறு தோற்றம்' என்பதையும் அதே பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.)

அடுத்தது, 'லெவல் செய்தல்'. வரைவில் எங்கும் 'மட்டம் பார்த்தல்' என்று இருக்கிறது. நம் கொத்தனார்கள் தளத்துக்கு மட்டம் பார்ப்பார்கள், சுவருக்குத் தூக்குப் பார்ப்பார்கள். இங்கே இரண்டு வேலையும் உண்டு. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, அதன் மேல் தட்டையான இடத்தில் சின்ன ரசமட்டம் வைப்பது மட்டம் பார்ப்பது. ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் திருகின் மூடி மேல் ரசமட்டத்தை வைத்து அதோடு முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூடியும் உள்ளே இருக்கும் கம்பியும் ஒரே சீராக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் எதிரே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நிற்கிற கம்பி அந்த நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பை உருட்டுகிறோம். அது தூக்குப் பார்ப்பது. இரண்டையும் 'மட்டம்' என்று எழுதினால் இரண்டாவது வேலையை யாரும் செய்யமாட்டார்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி கூடுதலாகப் போடலாம். அங்கே காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று தூக்குக்குண்டை நிற்க விடாது. குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும்.

> குமரியில் கடல்விளிம்பே மட்டம் காட்டுமே. கிடைக்கம்பியை அதோடு ஒட்டினால் போதாதா?

கணக்குப்படி போதும். ஆனால் ஜனம் நிறைந்த கடற்கரையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றால், கம்பி நேராவதற்கு முன் காவலர் வந்துவிடுவார். கையேட்டில் வேண்டாம்.

வளையத் திருகுகள் பற்றிய பத்தியில் சொல் தகராறு இல்லை, விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கத் திருகை முதலில் இறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் உருண்டு, பார்த்த தூக்கு வீணாகும். மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் இடுக்கு சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும். வளையத்தின் மேல்மூடித் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் என்பது வழக்கம். தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. ஸ்பிரிங் ஏர் ரைபிள் முன்னும் பின்னுமாக இரண்டு உதை கொடுக்கும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். சாதாரண ஸ்கோப் அதைத் தாங்காது. ஏர் ரைபிளுக்கென்றே செய்ததை வாங்கச் சொல்ல வேண்டும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ஒருக்களிப்பைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே விடவேண்டிய அந்த 8, 10 செ.மீ. இடைவெளிக்கு 'கண்ணெட்டு' என்று தக்கலை அம்மா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.