“அது உங்கள் பழைய பிரச்சினைதான்” என்று சொன்னார்கள்

எனக்கு வயது 38. பிறவியிலிருந்தே செரிப்ரல் பால்சி (சி.பி.), மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலின் அசைவு கட்டுக்குள் நிற்காத நிலை. அதிலும் கை, கால், கழுத்து எல்லாம் தானாக முறுக்கி அசைந்துகொண்டே இருக்கும் வகை. பேச்சு குழறும், நிதானமாகக் கேட்டால் புரியும். வலது கை ஒருநாளும் சொன்னபடி கேட்டதில்லை. பேனா, ஸ்பூன், கீபோர்டு, சட்டைப் பித்தான் எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

34 வயதில் அந்த இடது கை பித்தானைத் தவறவிட ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போன மாதிரி இருந்தன. பித்தான் விரலில் படுவது கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. சில மாதங்களில் கால்களும் தடுமாறின. ஓர் ஆண்டில் நான்கு முறை விழுந்தேன். மருத்துவரிடம் போனேன். அவர் என்னிடம் பேசவில்லை, கூட வந்திருந்த தம்பியிடம் பேசினார். “சி.பி. இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். வயதும் ஆகிறதே.” இன்னொருவரும் அதையே சொன்னார். விறைப்புக்கான மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

சி.பி.யில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு வளராது. அது ஆரம்பத்தில் நடந்து முடிந்துவிட்ட ஒன்று. தேய்மானமும் வலியும் களைப்பும் வயதோடு கூடும், அது எனக்கும் தெரியும். ஆனால் நன்றாக இருந்த கை மரத்துப்போனால் அதற்கு வேறொரு காரணம் இருக்கத்தான் வேண்டும். எனக்கு இருந்தது. வருடக்கணக்கில் கழுத்து முறுக்கி அசைந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்து, எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி, தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. என் மாதிரி சி.பி. உள்ள பெரியவர்களுக்கு இது வருவது மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. சிக்கல் என்னவென்றால், தண்டுவடம் நசுங்கினால் மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டும்போது முழங்கால் அதிகமாகத் துள்ளும். எனக்கு அது பிறந்ததிலிருந்தே துள்ளும். பழைய அறிகுறி புதிய அறிகுறியை மறைத்துவிட்டது.

கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு ஆனது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் கேட்டார்: “முன்பு எப்படி இருந்தீர்கள்? காட்ட முடியுமா?” போனில் தேடினேன். அலுவலகத்தில் யாரோ எடுத்த பழைய வீடியோ ஒன்று கிடைத்தது. அதில் நான் இடது கையில் தண்ணீர் டம்ளரோடு மாடிப்படி ஏறுகிறேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் அதை இரண்டு முறை பார்த்தார். அன்றே நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எம்.ஆர்.ஐ. எடுப்பதும் சுலபமாக நடக்கவில்லை. அசையாமல் படுக்க என்னால் முடியாது, முதல் படங்கள் எல்லாம் கலங்கிப்போய்விட்டன. மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் வசதி உண்டு என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. நீங்களே கேளுங்கள். கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. மேலும் மோசமாகவில்லை. போனதில் பாதிதான் திரும்பியது.

*

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 43. அம்மா போன பிறகு என்னோடு இருக்கிறார்.

போன வருடம் படி இறங்க மறுத்தார். முதல் படியில் நின்று, ஒரு காலை நீட்டி, விளிம்பைக் காலாலேயே தடவுவார். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் தூங்கினார், பேச்சும் குறைந்தது. பிடிவாதம் என்று நாங்களும் கொஞ்ச நாள் நினைத்தோம். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில், “இவர்களுக்கு மறதி நோய் சீக்கிரம் வரும்” என்றார். அது உண்மைதான். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துக்கான மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள அண்ணனுக்கு மூன்று. ஆனால் அதை முடிவாகச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவர் எதையும் பார்க்கவில்லை.

வேறொரு மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மிகக் குறைவு. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு கண்ணிலும் புரை. படி அண்ணனுக்குத் தெரியவே இல்லை! மாத்திரை ஆரம்பித்து, கண் ஆபரேஷனும் முடிந்து, மூன்றாவது மாதம் என்னைவிட முன்னால் இறங்கிப் போய் வாசலில் நின்றார்.

1980-களின் தொடக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது போலத்தான் இருந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில் 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. 40 வயது அண்ணன்களைப் பார்த்துப் பழகாத மருத்துவர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

*

வணக்கம். எனக்கு 23 வயது, ஸ்பைனா பிஃபிடா, அதாவது பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத நிலை. தலையில் ஷண்ட் இருக்கிறது, மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய். 18 வயது வரை ஒரே குழந்தை மருத்துவர், சிறுநீரகத்துக்கு வருடம் ஒரு ஸ்கேன், எல்லாம் தேதி தவறாமல் நடந்தது. அதன் பிறகு “இனி பெரியவர்கள் பிரிவு” என்றார்கள். அங்கே என்னை எதிர்பார்த்து யாருமில்லை. என் ஃபைல்கூட வந்து சேரவில்லை.

இந்த ஆண்டு மூன்று நாள் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம். அவசரப் பிரிவில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார்கள். அப்பா “ஷண்ட், ஷண்ட்” என்று சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அடைத்திருந்தது. அது எந்த வயதிலும் அடைக்கலாம். லேடெக்ஸ் (ரப்பர்) கையுறை எனக்கு ஒவ்வாது என்பதையும் அப்பாதான் ஓடிவந்து சொன்னார். அடுத்த முறை அப்பா கூட இல்லை என்றால் நான் என்ன செய்வது அக்கா? மயக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது?

*

தம்பி, நான் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பர்ஸில் ஒன்று, போனில் பூட்டைத் திறக்காமலே தெரியும் அவசரத் தகவல் பக்கத்தில் அதன் சுருக்கம். ஒரே பக்கம்தான், இரண்டு பக்கமானால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. நோயின் பெயரை மேலே எழுதாதீர்கள், அதைப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு முதல் வரி ஷண்ட், எப்போது வைத்தது, கடைசியாக எப்போது மாற்றியது. இரண்டாவது லேடெக்ஸ். அப்புறம் நன்றாக இருக்கும்போது நீங்கள் எப்படி இருப்பீர்கள்: எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள், எதைத் தனியாகச் செய்வீர்கள். பழைய மருத்துவரிடம் ஃபைலின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள், இந்த வாரமே. நல்லபடியாக இருக்கும்போது ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் நகலும் வேண்டும், ஒப்பிட அதுதான் உதவும்.

என் தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதி போட்டு மாற்றி எழுதுகிறேன். முன்பு அதில் “இடது கையால் டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் தூக்குவேன்” என்று ஒரு வரி இருந்தது. போன மாதம் அதை “இரண்டு கையாலும் பிடித்து, பாதி டம்ளர்” என்று மாற்றினேன்.