ஆத்துல பாத்த கிரேஃபிஷ் உள்ளூர்தா, வந்தேறியா?

லீட்ஸ்வாசி: நேத்து பசங்களோட வார்ஃப் ஆத்தோரம் போனப்ப கல்லுக்கடியில ஒரு கிரேஃபிஷ், பாக்க குட்டி சிங்கி இறால் மாதிரியே, முக்கா சாண் இருக்கும், பழுப்பு கலர். இங்கிலாந்து சொந்த இனமா இல்ல அமெரிக்க சிக்னலானு எப்டிங்க கண்டுபிடிக்கிறது?

கல்புரட்டி: கொடுக்கோட அடிப்பக்கம் பாருங்க, செவப்புனா சிக்னல், அழுக்கு வெள்ளைனா உள்ளூர் வெள்ளைக்கொடுக்கு. சிக்னலுக்கு கொடுக்கு மடியிற மூட்டுல வெள்ளையாவோ நீலப்பச்சையாவோ திட்டு இருக்கும், சிக்னல்ங்கிற பேரே அதனாலதான். உள்ளூர்து 12 செ.மீ. தாண்டுறது அபூர்வம், ஆனா சைஸ மட்டும் நம்பாதீங்க, சிக்னலும் குட்டியா இருந்துதானே வளருது.

ஈரபூட்ஸ்: தலையும் உடம்பும் சேர்ற வரிக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் குட்டி முள்ளு இருந்தா உள்ளூர்து, சிக்னலுக்கு அங்க வழவழனு இருக்கும். தயவுசெஞ்சு கையில எடுக்காதீங்க, லைசென்ஸ் இல்லாம உள்ளூர்த பிடிக்கிறது 1981 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். 1970கள்ல பண்ணையில வளத்து விக்கலாம்னு சிக்னல கொண்டாந்தாங்க, அது தப்பிச்சு ஆத்துக்கு வந்து கிரேஃபிஷ் பிளேக்ங்கிற தொத்து நோயையும் பரப்பிருச்சு, அந்த நோயால சிக்னலுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, உள்ளூர்து கூட்டமா சாகும். ஈர பூட்ஸ்ல கூட அந்த நோய் அடுத்த ஆத்துக்குப் போயிரும், கழுவி நல்லா காயவைங்க.

லீட்ஸ்வாசி: போட்டோவ ஜூம் பண்ணேன், மூட்டுல வெள்ளைத் திட்டு, அடியில செக்கச்செவேல். சிக்னலேதான். பூட்ஸ் இன்னும் கார் டிக்கியில ஈரமா கெடக்கு, இருங்க வரேன்.