அம்பாசடர் எஞ்சினில் கேமை மேலே ஏற்றினேன், பின்பக்க ஜர்னலுக்கு ஆயில் போதவில்லை: உதவி வேண்டும்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் அம்பாசடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். கீழே இருக்கும் கேமிலிருந்து வால்வைத் தள்ளும் புஷ் ராடு, ராக்கர் எல்லாம் எடுத்துவிட்டு, ஹெட்டின் மேல் அலுமினியப் பெட்டி வைத்து கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஏற்றியிருக்கிறேன். பெட்டி கும்பகோணத்தில் வார்த்தது. பெல்ட்டுக்கு கிராங்கில் 20 பல், கேமில் 40. ஆயில் பம்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் பழைய கேமில்தான் ஓடுகின்றன, அதனால் அதை உள்ளேயே விட்டுவிட்டேன்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது! சத்தம் கேட்டு அப்பா நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். ஆனால் 20 நிமிடத்தில் நிறுத்திப் பிரித்தால், மேல் கேமின் பின்பக்க ஜர்னல் (தண்டு பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் இடம்) சூட்டில் நீலம் பாரித்திருக்கிறது. நகத்தால் தடவினால் வரிவரியாகக் கீறல்.

முன்பு ராக்கருக்குப் போன சின்னத் துளையிலிருந்துதான் ஆயில் எடுக்கிறேன். அதைப் பெரிதாக்கலாமா, இல்லை மெயின் கேலரியிலிருந்து (பிளாக்கில் ஆயில் போகும் முக்கிய வழி) வெளியே தனிக் குழாய் போடலாமா? கீழே கிராங்க் பேரிங்குக்கு பிரஷர் குறைந்துவிடுமோ என்றுதான் பயம்.

கேம் மேலே இருக்கும் இசுசு 1.8 எஞ்சினையே வைத்துவிடு என்று சிலர் சொல்கிறார்கள். அப்பா ஓட்டிய பிளாக்கைக் கழற்றிப் போட மனசு வரவில்லை.

அப்புறம், தஞ்சாவூர், திருச்சி பக்கம் பெட்டியில் ஐந்து ஜர்னலும் உட்காரும் துளைகளை ஒரே நேர்கோட்டில் போரிங் செய்து தரும் பட்டறை தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.