புதுப்பிப்பு: புறாமலையும் கோணேசர் கோயிலும் ஒரே நாளில்

அம்மாவோடும் மகளோடும் திருகோணமலையில் ஒரே சனிக்கிழமையில் புறாமலைத் தீவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேசர் கோயில் மூன்றும் பார்க்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“வெயில் ஏறுமுன் தீவு, கோயில் கடைசியாக” என்ற யோசனைதான் கைகொடுத்தது. நிலாவெளியில் முதல் படகில் ஏறினோம், கடல் குளம்போல் கிடந்தது. எதிர்பாராதது சுறாக்கள்! செட்டை நுனி கறுத்த குட்டிகள் நான்கு, முழங்காலளவு தண்ணீரில் எங்களைச் சட்டைசெய்யாமல் வளைந்து போயின. மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். கரையெங்கும் உடைந்த முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) குத்தும், அதனால் செருப்பு கட்டாயம். தேசியப் பூங்கா என்பதால் ஒரு கல்லும் எடுக்கக்கூடாது.

கன்னியாவில் ஏழு கிணறுகளுக்கும் ஏழு சூடு; அரைமணி போதும். அப்புறம் மாலையில் கோட்டை வழியாகக் கோயிலுக்கு ஏறினோம். வழியில் மான்கள். அம்மா மெதுவாகத்தான் நடந்தார், ஆனாலும் பூசைக்கு நேரம் இருந்தது.